ஸ்பெயினுக்கு ஒரு சட்டம், சமையற்கட்டுக்கு ஒரு சட்டம்

ஸ்பெயின் நாட்டுக் குடும்பம் நம் பெண்ணை எப்படி நடத்த வேண்டும் என்பது போளூர் நடுத்தர வர்க்கத்துக்கு நன்றாகவே தெரியும். தனி அறை கொடுக்க வேண்டும். அறைக்குத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரம் ஒரு நாள் முழு விடுமுறை. வைஃபை இலவசம். அதட்டிப் பேசக் கூடாது. நம் பெண்ணுக்கு ஒன்று என்றால் விடுவோமா?

எங்கள் தெருவில் ஒரு அப்பாவுக்கு இப்போது இதுதான் முழுநேர வேலை. அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பெங்களூரில் படித்தாள். ஸ்பானிஷ் மொழி கற்க ஒரு வருடம் ஸ்பெயின் போகிறாள். அந்த ஏற்பாட்டுக்கு ஓ-பேர் என்று பெயர். ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும். குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வர வேண்டும். அவர்களோடு ஆங்கிலம் பேச வேண்டும். சின்னச் சின்ன வேலைகளில் கைகொடுக்க வேண்டும். பதிலுக்குச் சாப்பாடு, தங்க இடம், கைச்செலவுக்குப் பணம். வீட்டு வேலைதானே என்று வாய்தவறிக் கேட்டுவிடாதீர்கள். "கல்ச்சுரல் எக்ஸ்சேஞ்ச் சார்" என்று முகம் சிவப்பார்.

பணியில் இருந்த காலத்தில் அவர் எந்தக் கோப்பையாவது முழுதாகப் படித்தாரா என்பது தாலுகா அலுவலகத்துக்கே வெளிச்சம். இந்தக் கோப்பை வரி வரியாகப் படித்திருக்கிறார். சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. 1969 நவம்பர் 24 அன்று ஐரோப்பிய கவுன்சில் நாடுகள் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் செய்துகொண்ட ஓ-பேர் ஒப்பந்தம் அவருக்கு மனப்பாடம். ஸ்பெயினும் அதை ஏற்ற நாடு. வயது 17-க்குக் குறையக் கூடாது, 30-ஐத் தாண்டக் கூடாது. எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். வேலை பொதுவாக ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. மொழி வகுப்புக்குப் போக நேரம் விட வேண்டும். கூடுமானவரை தனி அறை. வாரத்துக்கு ஒரு நாளாவது முழு ஓய்வு, அதிலும் மாதத்தில் ஒன்றாவது ஞாயிற்றுக்கிழமையாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைக்கூட விட்டுவைக்காமல் எழுதியிருக்கிறான் வெள்ளைக்காரன் என்று அவருக்கு ஒரே பூரிப்பு.

அதோடு நிற்கவில்லை. ஏஜென்சிக்குப் பல கேள்விகளை அனுப்பியிருக்கிறார். குழந்தைகள் துணி மட்டும்தானா, வீட்டுக்காரர் துணியும் துவைக்கணுமா? விருந்தாளி வந்தால் பாத்திரம் யார் கழுவுவது? ராத்திரி குழந்தை அழுதால் எழுந்து போகணுமா? அந்த நேரம் ஐந்து மணி நேரத்தில் சேருமா? உடம்புக்கு முடியவில்லை என்றால் செலவு யாருடையது? வீட்டம்மா சிடுசிடுப்பானவரா?

இவற்றில் ஒரு கேள்விகூடத் தப்பில்லை. ஒவ்வொன்றும் நியாயம். இவ்வளவு நியாயத்தையும் இத்தனை நாள் எங்கே பூட்டி வைத்திருந்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஏனென்றால் கேள்விப் பட்டியலை அவர் எனக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது காபி கொண்டுவந்து வைத்தது ஜவ்வாது மலைப் பெண்.

ஜமுனாமரத்தூரையும் தாண்டி உள்ளே ஒரு ஊர். போளூரில் பஸ் ஏறினால் மலைப்பாதையில் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வயது கேட்டால் பதினெட்டு. போன வருடம் கேட்டபோதும் பதினெட்டு. அதற்கு முந்தின வருடமும் அதேதான். அந்த வீட்டில் வயசாகாத ஒரே ஜீவன் அவள்.

அவளுக்கும் தனி அறைதான். அரிசி டிரம்மும் இன்வெர்ட்டரும் கூடப் பங்காளிகள். பாய் டிரம்முக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கிறது. தாழ்ப்பாள் உண்டு, வெளிப்பக்கம். டம்ளரும் தனி. சிங்க் மேல் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளர். அதன் அடியில் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு. மற்ற டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாதாம். ஸ்பெயின் போகிற மகள் வைத்த பொட்டு அது. கல்ச்சுரல் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு முன் அனுபவம் உண்டு.

வேலை நேரம்? பால்காரன் மணியடித்தால் ஆரம்பம். கடைசி சீரியல் முடிந்து, கடைசித் தட்டு கழுவி, கேட்டுக்குப் பூட்டுப் போட்டால் முடிவு. ஞாயிற்றுக்கிழமை உண்டு. அன்றுதான் உறவுக்காரர்கள் வருவார்கள். சம்பளம் அவள் கைக்கு வருவதில்லை. அப்பன் வாங்கிப்போன முன்பணத்தில் கழிகிறது. எவ்வளவு கழிந்தது, எவ்வளவு பாக்கி என்கிற கணக்கு ஒரே ஆளிடம்தான் இருக்கிறது. முன்பணம் கொடுத்து, கணக்கையும் தானே வைத்து, வெளியே போகவிடாமல் வேலை வாங்குவதற்குக் கொத்தடிமை முறை என்று பெயர் வைத்து 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்துவிட்டார்கள். ஒழித்ததை யாரும் இந்தத் தெருவுக்குச் சொல்லவில்லை.

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி சார்." இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டுத் தமிழ்நாட்டுக்குக் காது புளித்துவிட்டது. வீட்டுப் பெண் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிறாள். 'மாதிரிப் பெண்' வாசற்படி ஓரம் நின்று பார்க்கிறாள். வீட்டுப் பெண்ணுக்குத் தீபாவளிக்குப் புதுத்துணி. மாதிரிப் பெண்ணுக்கு வீட்டுப் பெண்ணின் போன தீபாவளித் துணி. வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டர். மாதிரிப் பெண்ணுக்குப் பாதி மாத்திரை. மீதிப் பாதியைப் பத்திரப்படுத்துவார்கள். வீண் செலவு கூடாதல்லவா?

இவள் ஏன் மலை இறங்கினாள் என்று யாரும் கேட்பதில்லை. மலை என்றால் நமக்குக் கோடை விழா. மேடை, மலர்க் கண்காட்சி, அதிகாரிகள் வரிசை, பீமன் அருவியில் செல்ஃபி. காவலூரில் நட்சத்திரம் பார்க்கத் தொலைநோக்கி வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே இருக்கிற ஊரைப் பார்க்க ஒரு கண்ணாடிகூட இல்லை. மழையை நம்பிச் சாமை போடுகிறார்கள். அது முடிந்தால் கேரளா, கர்நாடகக் காப்பித் தோட்டம், திருப்பூர், மரம் வெட்ட ஆந்திரக் காடு. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் அதிகம் பேர் நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்கள். இந்த மலையும் அடிவாரமும் பறிகொடுத்த பிணங்களும் அதில் உண்டு. கூலிக்கு மரம் வெட்டப் போன ஆணுக்குத் துப்பாக்கி. பெண்ணுக்குச் சமையற்கட்டு. நாம் வகுத்துக் கொடுத்த வேலைவாய்ப்புத் திட்டம் இவ்வளவுதான்.

அரசு சும்மா இருந்தது என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். வீட்டு வேலை செய்கிறவர்களுக்காக 1959-லேயே நாடாளுமன்றத்தில் தனிநபர் மசோதா வந்தது. சட்டமாகவில்லை. அதற்குப் பிறகும் மசோதாக்கள் வந்தன. அவையும் ஆகவில்லை. 2006 அக்டோபர் 10 முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை வீட்டு வேலைக்கு வைக்கத் தடை. அன்றிலிருந்து நாட்டில் எல்லா வேலைக்காரச் சிறுமிகளுக்கும் ஒரே நாளில் வயது கூடிவிட்டது. 2007-ல் தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது. வாரியத்தில் பதிந்துகொள்ள யார் அழைத்துப் போவது? வீட்டு முதலாளியா?

2018-ல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தார்கள். மணிக்கு 37 ரூபாய். போளூர் பஸ் நிலையத்தில் இரண்டு டீ, ஒரு வடை. அந்தத் தாராளத்தையாவது கொடுக்கிறார்களா என்று பார்க்க எந்த ஆய்வாளர் எந்த வீட்டுக் காலிங் பெல்லை அடித்தார்? அடித்தாலும் கதவைத் திறப்பது அவளாகத்தான் இருக்கும். "ஐயா வீட்ல இல்லீங்க" என்று சொல்லவும் அவளுக்குத்தான் பழக்கியிருப்பார்கள்.

2011 ஜூனில் ஜெனிவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுப் பணியாளர்களுக்கான 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஆதரவு 396 ஓட்டு, எதிர்ப்பு 16. இந்திய அரசு ஆதரித்துக் கை தூக்கியது. தூக்கிய கை தூக்கியபடியே நிற்கிறது. கையெழுத்துப் போட்டு உள்நாட்டில் அமலாக்க அது இன்னும் கீழே இறங்கவில்லை. 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் ஆராயச் சொன்னது. குழு அமையுங்கள், வீட்டுப் பணியாளர்களுக்குச் சட்டம் தேவையா என்று பார்த்து ஆறு மாதத்தில் அறிக்கை கொடுங்கள் என்றது. 1959-ல் மசோதா போட்ட நாடு, தேவையா என்பதை 2025-ல் யோசிக்கத் தொடங்கியிருக்கிறது. அவசரப்படக் கூடாது.

நமக்குக் கோபமே வராது என்று நினைத்துவிடாதீர்கள். வரும். விமானம் ஏறினால் வரும். 2015-ல் ரியாத்தில் வேலைக்குப் போன வேலூர் மாவட்டத்துப் பெண்ணின் கை துண்டிக்கப்பட்ட செய்தி வந்தது. நாடே துடித்தது. வெளியுறவு அமைச்சரே கண்டித்தார். துடிக்க வேண்டியதுதான். அந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்துவிட்டு, "ஏய், காபி எங்கே?" என்று உள்ளே பார்த்துக் கத்திய வீடுகள் எத்தனை?

அதற்கு இரண்டு வருடம் முந்தைய கதை இன்னும் ருசி. 2013 டிசம்பரில் நியூயார்க்கில் இந்தியத் துணைத் தூதர் ஒருவரைக் கைது செய்தார்கள். வீட்டு வேலைக்கு அழைத்துப்போன இந்தியப் பெண்ணுக்கு மணிக்கு 9.75 டாலர் என்று விசாத் தாளில் எழுதிவிட்டு, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் தந்தார் என்பது குற்றச்சாட்டு. தூதருக்கு உள்ள சட்ட விலக்கால் வழக்கு கடைசிவரை நடக்கவில்லை. நாடு கொந்தளித்தது. டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னாலிருந்த தடுப்புகளைப் பெயர்த்தெடுத்தார்கள். கைது செய்து சோதனையிட்ட விதம் அவமானம் என்றார்கள். சரி, அவமானம்தான். ஆனால் வேலை செய்த அந்தப் பெண்ணும் இந்தியப் பெண்தானே? அவளுடைய கூலிக்காக எங்கே, எந்தத் தடுப்பு பெயர்ந்தது? வெளிநாட்டு மண்ணிலும் நம் தேசபக்தி முதலாளியம்மா பக்கம்தான் நின்றது.

அதற்காக ஸ்பெயின்காரர்கள் உத்தமர்கள் என்று கோயில் கட்ட வேண்டாம். அங்கேயும் இரண்டு தட்டு உண்டு. மொழி கற்க வரும் மாணவிக்கு ஓ-பேர் ஒப்பந்தம். லத்தீன் அமெரிக்காவிலிருந்து பிழைக்க வந்து, வீட்டோடு தங்கிக் கிழவர்களைக் குளிப்பாட்டும் பெண்ணுக்கு வேறு விதி. அவர்களுக்கு வேலையிழப்புக் காப்பீடே கிடையாது என்றுதான் சட்டம் இருந்தது. 2022-ல் ஐரோப்பிய நீதிமன்றம் இது பெண்களுக்கு எதிரான பாகுபாடு என்று குட்டியது. அதே வருடம் ஸ்பெயின் சட்டத்தைத் திருத்தியது. அடுத்த வருடம் 189-ஆம் உடன்படிக்கையையும் ஏற்றது. குட்டு வாங்கித்தான் திருந்தினார்கள். நமக்குக் குட்டும் உறைக்கவில்லை.

எல்லா நாட்டிலும் தந்திரம் ஒன்றுதான். சம்பளம் கொடுக்க மனமில்லாத இடத்தில் உறவு கொண்டாடு. அங்கே அதை ஒரு தாளில் எழுதிக் கட்டிப்போட முயன்றார்கள். குடும்பத்தில் ஒருத்தியா? சரி, எத்தனை மணி நேரம், எந்த நாள் லீவு, எவ்வளவு பணம், எழுது என்றார்கள். இங்கே தாள் என்றாலே கோபம் வருகிறது. "அவளோட போய் அக்ரிமெண்ட் போடறதா? நம்பிக்கைனு ஒண்ணு இல்லையா?" என்கிறார்கள். அந்த நம்பிக்கையை மாட்ரிட் குடும்பத்தின் மேல் வைப்பதுதானே? கிடையாது. அவர்களிடம் மூன்று பிரதி, முத்திரையோடு.

ஆகவே பேசி முடித்துவிடுவோம். வீட்டுப் பெண் என்று இன்னும் சாதிக்கிறீர்களா? அதற்கும் தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. 1989-ல் கருணாநிதி ஆட்சியில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பரம்பரைச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கும் உண்டு என்று எழுதிவிட்டார்கள். பத்திரப் பதிவு அலுவலகம் போளூரிலேயே இருக்கிறது. கிளம்புங்கள். மனையில் பங்கு எழுதுங்கள். மாட்டீர்களா? அப்படியானால் அவள் தொழிலாளி. தொழிலாளிக்கு மணிக்கணக்கு உண்டு, கூலி உண்டு, ஞாயிற்றுக்கிழமை உண்டு. அதை எழுதுங்கள். இரண்டில் ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும்.

எதையும் எழுத மாட்டோம். சம்பள நாளில் மகள். பத்திரம் எழுதும் நாளில் வேலைக்காரி. இந்தக் களவுக்குத்தான் இத்தனை காலமும் பாசம் என்று பெயர் வைத்திருந்தோம்.