இழுத்த இழுப்புக்கு

நாய் இழுக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் பாதி வழக்கைத்தான் சொல்கிறார்கள். தாங்கள் அதன் பின்னாலேயே போகிறோம் என்ற மீதிப் பாதி வெளியே வருவதில்லை. காலை ஆறு மணிக்கு பெசன்ட் நகரிலோ அண்ணா நகரிலோ நின்று பாருங்கள். நாக்கு தொங்க ஒரு லாப்ரடார் தூங்குமூஞ்சி மரம் ஒன்றை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். செயினின் மறுமுனையில் ஒரு பட்டயக் கணக்காளரோ ஓய்வுபெற்ற தலைமையாசிரியரோ, “நோ டைகர், ஸ்லோ டைகர்” என்று மன்றாடியபடி அதே மரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார். (வீட்டில் சுத்தத் தமிழ் பேசுபவர்களும் நாயிடம் ஏன் ஆங்கிலத்துக்கு மாறுகிறார்கள் என்பதைத் தனியாகத்தான் ஆராய வேண்டும்.) அந்த ஆங்கிலம் டைகருக்குப் புரிகிறதோ இல்லையோ, நடப்பு நன்றாகப் புரிகிறது: இழுத்தேன், மரம் வந்தது, நாளைக்கும் இழுப்பேன். என் கட்சி இவ்வளவுதான். நாயின் இழுப்பு நாமே சம்பளம் கொடுத்து வளர்த்த வேலை. சம்பளம் நின்றால் வேலையும் நின்றுவிடும். அதற்காக ஒரு ஜீவனின் கழுத்தை நெரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதற்கான சாட்சியம் நூறாண்டுக்கும் முந்தையது. 1898இல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்கர் பசித்த பூனைகளைப் பெட்டிக்குள் அடைத்துப் பார்த்தார். பிராண்டியும் முட்டியும் தற்செயலாகத் தாழ்ப்பாளைத் தட்டிவிட்ட பூனைக்கு வெளியே தீனி கிடைத்தது. அதையே திரும்பத் திரும்ப அடைத்தபோது பிராண்டலும் முட்டலும் குறைந்து, பூனை நேராகத் தாழ்ப்பாளுக்கே போகத் தொடங்கியது. நல்ல பலன் தந்த செயல் மறுபடி நடக்கும் என்று அவர் விதி எழுதினார். நம்மூர்க் கட்சி அலுவலகம் எதில் கேட்டிருந்தாலும் பூனையில்லாமலே சொல்லியிருப்பார்கள். “எப்போதும் விட மாட்டேன், பத்துக்கு ஒருதரம்தான் அதன் போக்குக்குப் போவேன்” என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இருப்பதிலேயே மோசமான ஏற்பாடு அதுதான். பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி பெற்றுப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரமே விட்டுவிடும். எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாமல் அவ்வப்போது பெற்ற புறாவோ, நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். லாட்டரிச் சீட்டு வாங்குபவர் பரிசு விழாததால் நிறுத்துகிறாரா என்ன? தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியைத் தடைசெய்தார்கள். செயின் நுனியில் அது தினமும் காலையில் குலுக்கப்படுகிறது.

“நாய் ஓநாய் வம்சம். யார் தலைவன் என்று ஒருமுறை காட்டிவிட்டால் அடங்கும்” என்று, இழுத்தால் கழுத்தை இறுக்கும் சோக் செயினைக் கையிலெடுப்பவர்கள் அடுத்து வருவார்கள். இந்தத் தலைமைக் கதைக்கும் ஒரு வரலாறு உண்டு. ருடால்ஃப் ஷெங்கெல் என்பவர் பாசெல் நகர விலங்குக்காட்சி சாலையில் அடைபட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து, தலைமைக்காக அவை மோதிக்கொள்வதாக 1947இல் எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாதவற்றை ஒரே அடைப்புக்குள் விட்டால் சண்டை போடாமல் என்ன செய்யும்? டேவிட் மெக் 1970இல் எழுதிய ஓநாய் நூல், தலைமை ஓநாயை ‘ஆல்ஃபா’ என்று அழைக்கும் அந்தக் கருத்தை ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தது. காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த அதே மெக், 1999இல் தன் பேச்சைத் தானே திருத்தினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள்தான். அங்கே பட்டாபிஷேகமும் இல்லை, ஆட்சிக் கவிழ்ப்பும் இல்லை. அப்படியே இருந்தாலும், டைகர் மரத்தடிக்குப் போவது ஆட்சியைப் பிடிக்க அல்ல; நேற்றிரவு அங்கே யார் வந்துபோனார்கள் என்று மோந்து தெரிந்துகொள்ள. அதன் இயல்பான நடை நம் நடையைவிட வேகம் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இழுப்பில் கலகம் தேட ஒன்றும் மிஞ்சாது.

சோக் செயினால் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. வலித்தால் நாய் நிற்கும், நானும் நிற்பேன். ஆனால் எதைப் பார்த்தபோது வலித்தது என்பதையும் நாய் கணக்கில் எழுதிக்கொள்ளும். எதிரே ஒரு குழந்தை வரும்போதெல்லாம் கழுத்து நெரிபட்டால், ‘நான் இழுத்தது தப்பு’ என்று அது முடிவுக்கு வருமா, ‘குழந்தை வந்தால் வலி வரும்’ என்று முடிவுக்கு வருமா? பிறகு “திடீரென்று குரைக்க ஆரம்பித்துவிட்டது” என்பார்கள். கழுத்தின் கதை இன்னொரு பக்கம். கழுத்து பெல்ட்டில் இழுக்கும்போது நாயின் கண்ணுக்குள் அழுத்தம் உயர்கிறது, மார்பில் மாட்டும் பாடி பெல்ட்டில் உயர்வதில்லை என்று 2006இல் அளந்து சொன்னார்கள். 2020இல் பிரிட்டனின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தார் செயற்கைக் கழுத்து ஒன்றைச் செய்து, பஞ்சு வைத்தது உட்படப் பலவகை பெல்ட்டுகளை மாட்டி இழுத்துப் பார்த்தார்கள். இழுபடும்போது காயம் வராது என்று நம்பி மாட்டக்கூடியதாக ஒன்றுகூடத் தேறவில்லை. ஆகவே இழுக்கிற நாய்க்கு, இழுப்பு மாறும்வரையாவது, பாடி பெல்ட்தான் சரி.

அதை மாட்டினால் வண்டி இழுக்கிற நாயாகிவிடும் என்பது பாதி உண்மை. முதுகில் வளையம் உள்ள பெல்ட் இழுப்பதற்குச் சொகுசு. அலாஸ்காவில் 1973 முதல் நடக்கும் இடிட்டராட் பந்தயத்தில் நாய்கள் அப்படிப்பட்ட பெல்ட்டில்தான் பனிச்சறுக்கு வண்டியைச் சுமார் 1,600 கிலோமீட்டர் இழுத்துப் போகின்றன. (அந்தக் குலத்தில் பிறந்த ஹஸ்கியை வாங்கிவந்து, வேளச்சேரி வெயிலில் நிறுத்தி, இழுக்கிறது என்று குறைப்படுவோரிடம் என்ன பேசுவது?) மார்புப் பக்கம் வளையம் வைத்த பெல்ட் வேறு மாதிரி. நாய் முன்னால் பாய்ந்தால் உடம்பு நம் பக்கமாகத் திரும்பிவிடும். பாய்ந்த சுகம் இருக்காது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒடுங்கிய தலை நாய்களுக்கு மட்டும் அளவு பார்த்து வாங்க வேண்டும், நழுவிவிடும். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். இழுத்தால் இடம் கிடைக்கும் என்று கற்றுத்தருவதற்கென்றே செய்த கருவி அது.

பெல்ட் நமக்கு மூச்சுவிட அவகாசம் தரும், அவ்வளவுதான். பாடத்தை நாம்தான் நடத்த வேண்டும். கயிறு விறைத்தால் நில்லுங்கள். அதட்டல் வேண்டாம், பதில் இழுப்பும் வேண்டாம். என்ன ஆயிற்று என்று நாய் திரும்பிப் பார்க்கும், கயிறு தொய்யும். அந்த நொடியில் நடையைத் தொடருங்கள். நம் பக்கத்தில் அது தொய்வாக நடந்துவரும்போது, நம் கால் ஓரத்திலேயே வேகவைத்த கோழித்துண்டு ஒன்று கிடைக்கட்டும். மரத்தை மோந்து பார்ப்பதுதான் அதன் ஆசை என்றால், தொய்ந்த கயிற்றோடு மரம்வரை வந்ததற்குக் கூலியாக அதையே கொடுங்கள். ஆற அமர மோக்கட்டும். டுராந்தோன், ஹொரோவிட்ஸ் என்ற இருவர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் சில நாய்கள் மூக்குக்கு வேலை தரும் விளையாட்டையும், சில நாய்கள் காலோடு ஒட்டி நடப்பதையும் இரண்டு வாரம் பழகின. நல்லதை எதிர்பார்க்கும் மனநிலை மூக்கு வேலை செய்தவற்றிடம்தான் கூடியது. குடியரசு தின அணிவகுப்புபோல நாயை நடத்த ஆசைப்படுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கோழித்துண்டு லஞ்சம் இல்லையா என்று கேட்பார்கள். கேட்பவர்கள் மாதக் கடைசியில் தங்கள் வங்கிக் கணக்கில் விழுவதை அப்படிச் சொல்வதில்லை. 1960களில் ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கிய கேரன் பிரையருக்கு வேறு வழியே இருக்கவில்லை. டால்ஃபின் கழுத்தில் சங்கிலி மாட்ட முடியாது. அதட்டினால் அது நீந்திப் போய்விடும். விசிலும் மீனுமாகவே எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தார். சங்கிலி இல்லாத இடத்தில் மனிதர்களுக்குப் பொறுமை தானாக வந்துவிடுகிறது.

நேரமில்லை என்பதுதான் நியாயமான ஆட்சேபம். முதல் சில நாட்கள் வாசல் கேட்டைத் தாண்டவே முடியாது. நின்று நின்று போவதை வாட்ச்மேன் அனுதாபத்தோடு பார்ப்பார். அலுவலகத்துக்கு நேரமாகிறது என்றால் அன்று பாடம் வேண்டாம், ஆனால் தூரமும் வேண்டாம். தெருமுனைவரை போய்த் திரும்பினால் போதும். இந்தத் தொல்லையே வேண்டாம் என்று நாயை மொட்டை மாடியில் கட்டிப் போடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: கட்டியே வைத்திருக்கும் நாயை உரியபடி நடக்க விடாமலிருப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். அந்தப் பணத்துக்கு இன்று சோக் செயினின் கொக்கிகூடக் கிடைக்காது.

உண்மையான சிக்கல் வீட்டுக்குள் இருக்கிறது. அம்மா நிற்பார், மகள் நிற்பாள். சாயங்காலம் அழைத்துப் போகிற தாத்தா மட்டும், “பாவம், வாயில்லா ஜீவன், ஆசைப்படுது” என்று அதன் பின்னாலேயே ஓடுவார். லாட்டரி மறுபடி குலுக்கப்படும். இதற்குப் பயிற்சியாளர்களிடம் ஒரு கைவைத்தியம் உண்டு. பாடம் நடக்கும் நடைக்கு ஒரு பெல்ட், பாடம் நடக்காத நடைக்கு வேறு ஒரு பெல்ட். எந்த பெல்ட் மாட்டினால் எந்தச் சட்டம் என்று நாய் சீக்கிரமே பிரித்துப் புரிந்துகொள்ளும். தாத்தாவுக்கென்று முதுகு வளையம் வைத்த பெல்ட் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிவிடலாம். தாத்தாவைத் திருத்துவதற்கு எந்த ஆய்வும் என் கண்ணில் படவில்லை.