கண் எங்கே இருக்கிறது என்று அறிந்தவர்களுக்கு

அனுப்புநர்:
அரங்கேற்ற மேடைகளின் பின்னறையில் பிள்ளைகளுக்கு முகஒப்பனை செய்யும் ஒருத்தி,
நியூஜெர்சி.

பெறுநர்:
அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம்,
சில்வர் ஸ்பிரிங், மேரிலாந்து.

பொருள்: கண்ணிமையில் பூசுவதற்காகவே விற்கப்படும் நிறம் கண்ணிமைக்கானது அல்ல என்று அறிவிக்கப்படுவது தொடர்பாக.

பார்வை: இரண்டு கண்களும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

குறை சொல்ல வந்தவள் முதலில் நிறை சொல்ல வேண்டும் என்பது எங்கள் ஊர் மரியாதை. ஆகவே பாராட்டிலிருந்து தொடங்குகிறேன். கண் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதைச் சட்டத்தில் எழுதிவைத்தவர்கள் நீங்கள். புருவ எலும்பு மேட்டிலிருந்து கண்ணுக்குக் கீழே இருக்கும் எலும்பு விளிம்பு வரை ஒரு வளையம். அதற்குள் புருவம், புருவத்துக்குக் கீழேயுள்ள தோல், இமை, இமைமயிர், விழி, விழியை ஒட்டிய சவ்வுப்பை என ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறீர்கள். வயலுக்குச் சர்வேயர் கல் நட்ட மாதிரி இவ்வளவு துல்லியமாக என் முகத்தை வேறு யாரும் அளந்ததில்லை.

அடுத்த விதி அதைவிட அருமை. ஒரு நிறமிக்கு உதட்டுக்கு அனுமதி இருக்கலாம், கன்னத்துக்கும் நகத்துக்கும்கூட இருக்கலாம். அதை வைத்துக் கண்ணுக்கும் ஆகும் என்று யாரும் தாமாக முடிவுகட்டக் கூடாது. ‘கண் பகுதிக்கு’ என்று அந்த அனுமதியிலேயே வெளிப்படையாக எழுதியிருந்தால்தான் உண்டு. நியாயமான விதி. உதடு பொறுத்துக்கொள்வதைக் கண் பொறுக்காது என்பது பச்சைமிளகாய் நறுக்கிய கையோடு கண்ணைக் கசக்கிய எல்லோருக்கும் தெரியும்.

செயற்கைச் சாயங்கள் விஷயத்தில் நீங்கள் இன்னும் கறார். அவற்றில் பெரும்பாலானவற்றை, தயாரிக்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி வரவழைத்து, உங்கள் ஆய்வகத்தில் சோதித்து, எண் கொடுத்த பிறகுதான் வெளியே விடுகிறீர்கள். மண்ணிறம் தரும் இரும்பு ஆக்சைடு போன்ற கனிம நிறங்களுக்கு அந்தத் தொகுதிச் சோதனை இல்லை. ஆனாலும் அதில் ஈயம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் போகக் கூடாது, ஆர்செனிக் 3 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறீர்கள். இப்படிப்பட்ட காவல் இருக்கும் நாட்டில் ஓர் ஒப்பனைக்காரி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள்.

நானும் தூங்கியிருப்பேன். ஓர் ஒப்பனைப் பேலட்டைத் திருப்பிப் பார்த்துத் தொலைத்தேன்.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஒன்றிரண்டு இருந்தால் சொல்லிவிடலாம். மூடியைத் திறந்தால் உள்ளே கண்ணாடி. கீழே வரிசையாகக் குழிகளில் பளீர் ரோஸ், ஆரஞ்சு, ஊதா, நீலம். கூடவே இரண்டு முனைத் தூரிகை. ஒரு முனை இமையின் மடிப்பில் தீட்ட, மறுமுனை கலைத்துவிட. அட்டையில் மூடிய கண் ஒன்றின் படம், அந்த இமை முழுக்க ரோஸ். இதுவரை சரி. பின்பக்கத்தில், பொருட்களின் பட்டியலுக்கும் கீழே, எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் ஒரு வரி: குறிப்பிட்ட சில நிறங்கள் கண்ணை ஒட்டிய பகுதியில் பயன்படுத்துவதற்கு அல்ல.

அப்படியானால் எதற்கு? முழங்கைக்கா? முழங்கையில் ஊதா தீட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகும் பெண் யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. காதுமடலுக்கு என்றால் இமை மடிப்புக்கான தூரிகை எதற்கு? கம்பெனியும் இதை ‘ஐஷேடோ’ என்று சொல்வதில்லை. ‘பிரஸ்டு பிக்மென்ட்’ என்கிறது. அழுத்திவைத்த நிறத்தூள், அவ்வளவுதான். அதை எங்கே பூசிக்கொள்வது என்பது வாங்கியவரின் கற்பனை வளத்தைப் பொறுத்தது.

உங்கள் சட்டம் ஒரு பொருள் எந்த ‘நோக்கத்துக்கு’ விற்கப்படுகிறது என்று கேட்கிறது. கம்பெனி நோக்கத்தைப் பின்பக்கத்தில் எழுதிவிடுகிறது. ஆனால் நோக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்கும்போது நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்: லேபிளில் இருப்பது மட்டும் நோக்கமல்ல, விளம்பரத்தில் சொல்வதும், வாங்குபவர் அதை எதற்கென்று எதிர்பார்க்கிறார் என்பதும் சேர்ந்ததுதான். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஒரே ஒருநாள் ஏதாவது ஒப்பனைக் கடைக்கு வாருங்கள். அட்டையில் இருக்கும் கண்ணை நீங்கள் பார்ப்பதற்கு முன்னால் அது உங்களைப் பார்த்துவிடும்.

இனி வேதியியலுக்கு வருகிறேன். பளீர் ரோஸுக்குப் பெரும்பாலும் சிவப்பு 7, சிவப்பு 28 போன்ற சாயங்கள் தேவைப்படுகின்றன. இரண்டும் உங்கள் பட்டியலில் உண்டு, லிப்ஸ்டிக்குக்குப் போடலாம், கன்னத்துக்குப் போடலாம். கண் பகுதிக்கு அனுமதி இல்லை. இதே சாயங்களை ஐரோப்பிய ஒன்றியம் கண் ஒப்பனையிலும் அனுமதிக்கிறது. ஆகவே பாரிஸில் ஐஷேடோவாக விற்கும் டப்பா நியூயார்க்கில் இறங்கும்போது ‘கண்ணுக்கு அல்ல’ என்ற ஒட்டுத்தாளோடு இறங்குகிறது. உள்ளே இருக்கும் தூள் மாறவில்லை. அட்லாண்டிக்கைத் தாண்டியதில் மாறியது அந்த ஒரு வரிதான்.

ஒன்றை நியாயமாக ஒப்புக்கொள்கிறேன். உங்கள் அனுமதி இல்லை என்பதாலேயே அந்தச் சாயம் கண்ணைக் கெடுக்கும் என்று நிரூபணமாகிவிடாது. கண்ணுக்குத் தீங்கில்லை என்பதற்கான ஆதாரத்தைக் கொண்டுவந்து, இந்தப் பயன்பாட்டுக்கும் அனுமதி கொடுங்கள் என்று கேட்டு யாரும் பெறவில்லை, அவ்வளவுதான். முடியாத காரியமும் அல்ல. சிவப்பு 40 கண் பகுதிக்கு முறைப்படி அனுமதி பெற்ற சாயம்தான். பின் ஏன் மற்றதற்கு யாரும் மெனக்கெடவில்லை? ஆய்வுக்குப் பணமும் காலமும் வேண்டும். ஒட்டுத்தாளுக்கு மை போதும். கம்பெனிகளை நான் குறை சொல்லவில்லை. மலிவான கதவு திறந்திருக்கும்போது விலையுயர்ந்த கதவைத் தட்டுபவர் வியாபாரி அல்ல. அந்த மலிவான கதவுக்குச் சாவி கொடுத்தவர்களுக்குத்தான் இந்தக் கடிதம்.

நடுவில் நான் அகப்பட்டுக்கொண்டேன். அரங்கேற்றத்தன்று பாவாடை பார்டர் ரோஸ் என்றால் இமையும் ரோஸாக இருக்க வேண்டும் என்பார் பெண்ணின் அம்மா. நான் லென்ஸ் எடுத்துக்கொண்டு பின்பக்கத்தைப் படிப்பேன். அமெரிக்க லேபிளில் ‘ரெட் 7 லேக்’ என்று பெயர் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்ததில் அதற்கு 15850 என்று எண் இருக்கும். 45410 என்றால் சிவப்பு 27 அல்லது 28. இந்த எண்களை எங்கள் வீட்டு வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறேன். ஆனால் பட்டியலின் கடைசியில் ‘இருக்கலாம்’ என்றொரு சொல் வரும். ஒரே வரிசையில் பல நிறங்களை விற்கும்போது எல்லாச் சாயங்களையும் ஒரே பட்டியலில் போட்டு, இதில் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று சொல்லிவிட உங்கள் விதி இடம் கொடுக்கிறது. எந்த நிறத்தில் எது இருக்கிறது என்பது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. உங்கள் ஆய்வகம் தொகுதி தொகுதியாகச் சோதித்துக் கொடுத்த சாயம் எந்தக் குழியில் உட்கார்ந்திருக்கிறது என்று ஆரூடம் பார்ப்பது இப்போது என் வேலை.

‘கண்ணை ஒட்டிய பகுதி’ என்று லேபிள் நுணுக்கம் பேசுவதையும் சொல்ல வேண்டும். பரதநாட்டியத்தில் கண் சும்மா இருப்பதில்லை. மேலே, கீழே, பக்கவாட்டில், கடைக்கண்ணால் என்று இரண்டு மணி நேரம் உழைக்கும். மேடை விளக்குச் சூட்டில் நெற்றியிலிருந்து வியர்வை வழியும். புருவத்துக்கு மேலே வைத்தது இமைக்கு வரும், இமையில் இருந்தது கண்ணுக்குள் போகும். வியர்வைக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

கண்ணைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பது தெரியும். 1930களின் தொடக்கத்தில் ‘லாஷ் லூர்’ என்ற இமைமயிர்ச் சாயம் உங்கள் நாட்டு அழகு நிலையங்களில் புழங்கியது. தலைமயிர்ச் சாயத்தில் போடும் பாராஃபெனிலின்டையமின் அதில் இருந்தது. பெண்களின் கண்கள் புண்ணாயின, சிலருக்குப் பார்வை போனது. அப்போது உங்கள் கையில் இருந்த 1906ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒப்பனைப் பொருள் என்ற பேச்சே இல்லை. பாதிக்கப்பட்ட முகத்தின் படத்தை உங்கள் கண்காட்சியில் மாட்டி, சட்டம் வேண்டும் என்று கேட்டீர்கள். 1937இல் சல்ஃபனிலமைடு எலிக்சிர் என்ற மருந்து நூறு பேருக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகுதான் நாடாளுமன்றம் அசைந்தது. 1938இல் புதுச் சட்டம் வந்தது. அதன் கீழ் நீங்கள் முதலில் கைப்பற்றியது லாஷ் லூரைத்தான்.

அதே சட்டத்தில் ஒரு வேடிக்கையும் ஏறியது. தாரிலிருந்து வரும் தலைமயிர்ச் சாயத்துக்கு உங்கள் முன்அனுமதி தேவையில்லை. இதை இமைமயிருக்கோ புருவத்துக்கோ போட்டால் பார்வை போகலாம் என்று டப்பாவில் எழுதினால் போதும். ஆக, எச்சரிக்கை வாசகத்தைச் சோதனைக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளும் பழக்கம் உங்களிடம் நேற்று வந்ததல்ல. ஆனாலும் தலைச்சாய டப்பாவில் கண்ணின் படம் போட்டு விற்க யாரும் துணிந்ததில்லை. அந்தத் துணிச்சல் நம் காலத்தின் சாதனை.

பிறகு 84 ஆண்டுகள் ஒப்பனைச் சட்டம் பெரிதாக அசையவில்லை. 2022 டிசம்பரில்தான் பாதுகாப்பில்லாத ஒப்பனைப் பொருளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிடும் அதிகாரமே உங்களுக்குக் கிடைத்தது. அதுவரை கம்பெனிகளாகப் பார்த்து எடுத்தால்தான் உண்டு. கிடைத்த அதிகாரத்துக்கு வாழ்த்துகள். துருப்பிடிக்க விடாதீர்கள்.

உங்கள் கறார் முகத்தை நான் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் கண்மை, வடக்கே சுர்மா, மேற்கே கோல், பெயர் எதுவானாலும் இந்த நாட்டுக்குள் ஒப்பனைப் பொருளாக நுழைய அனுமதி இல்லை. அதில் உங்கள் பக்கம்தான் நான். கலீனா என்ற ஈயத் தாதுவை அரைத்துச் செய்த மைகள் உண்டு. எடையில் பாதிக்கு மேல் ஈயம் இருந்தவையும் சோதனைகளில் அகப்பட்டிருக்கின்றன. கண்ணேறு கழிப்பதாக நினைத்து அதைக் கைக்குழந்தைக்கு இடுகிறோம். குழந்தை கண்ணைத் தேய்த்த கையை வாயில் வைக்கும், ஈயம் மூளை வளர்ச்சியைத் தொடும்.

எங்கள் பாட்டிமார் விளக்கெண்ணெய்த் திரியின் புகையைத் தட்டில் பிடித்துச் செய்த மையில் ஈயத்தாது சேர்ப்பதில்லை. அதற்கும் உங்களிடம் இடமில்லை. பெட்ரோலிய எண்ணெயை உலையில் எரித்துப் பிடிக்கும் கரிக்கு 2004இல் கறுப்பு 2 என்று பெயரிட்டு, ஐலைனருக்கும் மஸ்காராவுக்கும் அனுமதித்தீர்கள். பாட்டிமார் சார்பில் கொஞ்சம் கோபம் வந்தது. ஆனால் புகைக்கரியில் புற்றுநோய் தரும் பென்சோபைரீன் இருக்கக்கூடும். கறுப்பு 2இல் அது நூறு கோடியில் 5 பங்குக்கு மேல் போகக் கூடாது என்று அளந்திருக்கிறீர்கள். விளக்குத் தட்டை யாரும் அளக்கவில்லை. கோபம் அடங்கிவிட்டது.

ஆனால் ஒரு கேள்வி அடங்கவில்லை. நாளைக்கு ஓர் இறக்குமதியாளர் கண்மை டப்பாவின் அடியில் ‘கண் பகுதிக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் ஒட்டி, ‘அழுத்திய கரித்தூள்’ என்று பெயரும் மாற்றிக் கொண்டுவந்தால் விட்டுவிடுவீர்களா? மாட்டீர்கள். கண்மையை எங்கே இடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், ஒட்டுத்தாள் உங்களை ஏமாற்றாது. அந்த அறிவு, மூடியில் கண்ணாடியும் உள்ளே இமைத் தூரிகையும் வைத்து வரும் பேலட்டைப் பார்த்ததும் ஏன் சட்டென்று விடுப்பில் போகிறது?

ஆகவே தங்கள் சமூகத்தைப் பணிந்து வேண்டுவது:

ஒன்று. ‘கண்ணுக்கு அல்ல’ என்பதை முன்பக்கத்தில், பொருளின் பெயர் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக அச்சிட உத்தரவிடுங்கள். விற்பனை என்ன ஆகிறது என்று பாருங்கள். அதைவிட நேர்மையான ஆய்வு வேறில்லை.

இரண்டு. அட்டையில் கண் படம், உள்ளே இமைத் தூரிகை, விளம்பரத்தில் இமை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் அது கண் ஒப்பனைதான் என்று கொள்ளுங்கள். உங்கள் விளக்கத்தின்படியே அது அப்படித்தான்.

மூன்று. பேலட்டுகளில் ‘இருக்கலாம்’ வேண்டாம். எந்தக் குழியில் எந்தச் சாயம் என்று குழிக்கு நேராக எழுதச் சொல்லுங்கள். இத்தனை நிறம் கலக்கத் தெரிந்தவர்களுக்கு அது கஷ்டமான கணக்கல்ல.

நான்கு. கண்ணுக்குச் சிவப்பு 7 வேண்டும் என்பவர்கள் ஆதாரத்தோடு வந்து அனுமதி கேட்கட்டும். தீங்கில்லை என்று நிரூபித்தால் முதல் ஆளாக வாங்கிப் பூசுவேன். அதுவரை அந்தத் தூள் உதட்டோடு நிற்கட்டும்.

நீங்கள் முடிவெடுக்கும்வரை என் பின்னறையில் நடப்பது இதுதான்: இரும்பு ஆக்சைடு, அல்ட்ராமரீன் நீலம், மாங்கனீசு ஊதா, குரோமியம் பச்சை, மைக்காவின் மினுமினுப்பு. எல்லாம் கண்ணுக்கு அனுமதி பெற்றவை. சிவப்பு வேண்டுமென்றால் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் உண்டு. ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் 2011 முதல் அதை லேபிளில் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று நீங்களே விதித்தீர்கள். சைவ வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூச்சி வேண்டாம் என்றால் இரும்பின் செந்நிறம். ரோஸ் பார்டருக்குச் செந்நிறம் பொருந்தவில்லை என்று சில அம்மாக்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பதில் எழுதுவதானால் ஒரே ஒரு வேண்டுகோள். முக்கியமான வரியைப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
லென்ஸும் கையுமாக நிற்கும் ஒப்பனைக்காரி.