கொழும்புத் தம்பியின் காமன் சேட்டு

மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் தோட்டத்தில் காமன் கம்பம் ஊன்றினால், மறுநாளே புறக்கோட்டையில் ஒரு சேட்டு விற்பனையாகும். வாங்குகிறவன் கொழும்புத் தம்பி. பௌர்ணமிக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் கிடக்கிறது. முதலாளியிடம் லீவு கேட்கவில்லை. பஸ்ஸுக்குக் காசு எடுத்து வைக்கவில்லை. வீட்டுக்கு என்ன கொண்டுபோவது என்று யோசிக்கவே இல்லை. ஆனால் சேட்டு ஆயிற்று.

ராகலைப் பக்கம் எந்த லயத்துக்குப் போனாலும் ஒரு கொழும்புத் தம்பி அகப்படுவான். ஆமர் வீதி இரும்புக் கடையில் ஒருவன், செட்டியார் தெரு நகைக் கடையில் ஒருவன், வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறவன் ஒருவன். கடையில் அவனைத் 'தோட்டத்துப் பொடியன்' என்பார்கள். அந்தப் பட்டத்தை அவன் பஸ் கந்தப்பளையைத் தாண்டும்போது யன்னல் வழியே எறிந்துவிடுவான். அதற்குமேல் அவன் கொழும்பான். சொன்னால் போதுமா, சாட்சி வேண்டாமா? உடுப்புதான் சாட்சி.

சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. கொழும்பில் மாசி என்றால் வியர்வை. அங்கே விற்கிற நாகரிகமெல்லாம் உள்ளே காற்று போய் வரட்டும் என்று தைத்தது. ராகலையின் மாசி வேறு சாதி. 1,868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவின் குளிருக்குப் பங்காளிக் குளிர் இது. வானம் வெளுத்த இரவுகளில் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும். நுவரெலியா மலைகளில் தை, மாசி விடியலில் சில நாள் உறைபனி விழுந்து கொழுந்தையே கருக்கிவிடும். காமன் கூத்தோ கூரையில்லாத பொட்டலில், முழுநிலவுக்குக் கீழே, விடிய விடிய நடப்பது. இந்த இடத்துக்கு அவன் வாங்கி வந்திருப்பது வெங்காயச் சருகு கனத்தில் ஒரு சேட்டு.

ஆட்டம் பார்க்கப் போகிறவன் ஆடுகிறவனை விட அதிகமாக அலங்காரத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்வது உலக வழக்கம்தான். இங்கிலாந்தில் கிளைண்ட்போர்ன் என்ற நாட்டுப்புற மாளிகையில் 1934 முதல் ஒபரா விழா நடக்கிறது. பட்டப்பகலிலேயே கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டியுமாகக் கனவான்கள் வந்து இறங்குவார்கள். சீமாட்டிகள் தோள் தெரியும் கவுனில் வருவார்கள். இடைவேளையில் புல்தரையில் கூடையைப் பிரித்துவைத்துச் சாப்பாடு. இங்கிலாந்துப் புல்தரையில் அந்தி நேரம் என்ன குளிரும் என்று ராகலைக்காரனுக்குச் சொல்லித் தரவேண்டாம். இத்தாலியில், மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கமோ அரைக் காற்சட்டையும் கையில்லாத பனியனும் போட்டு வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று 2025இல் சனங்களுக்கு நினைவூட்டியது. இதைத் தம்பியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால், "அங்க கையில்லாத பனியன்தான் ஃபேசனா அண்ணே?" என்று கேட்டுவிட்டு அடுத்த மாசிக்கு அதில் வந்து நிற்பான்.

இலங்கையைக் களமாக வைத்தே ஓர் ஒபரா இருக்கிறது. பிசே இசையமைத்த 'முத்துக் குளிப்பவர்கள்', 1863இல் பாரிஸில் அரங்கேறியது. தேயிலை இன்னும் தோட்டப்பயிராக வராத காலம் அது. மலையில் நம் ஆட்கள் கோப்பிச் செடிகளுக்கு நடுவே கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிய நேரத்தில், பாரிஸ் மேடையில் இலங்கை என்றால் வெயில் காயும் கடற்கரை. கம்பளி போர்த்திய ஒரு பாத்திரமாவது அதில் இருந்திருந்தால் எங்களுக்கும் ஒரு ஆறுதல்.

அவ்வளவு தூரம் போவானேன், நுவரெலியாவிலேயே ஹில் கிளப் இருக்கிறது. 1876இல் தோட்டத்துரைமார் தொடங்கியது. இரவுச் சாப்பாட்டுக்கு அந்த மண்டபத்துக்குள் போகும் ஆண்பிள்ளை கோட்டும் டையும் கட்டவேண்டும் என்பது அதன் பேர்போன சட்டம். கொண்டுவராதவருக்கு அங்கேயே இரவல் கோட்டு கிடைக்கும். துரையைப் பார்த்துப் பெரிய கங்காணிமாரும் கோட்டுக்கு ஏறினார்கள். பழைய படங்களைப் பாருங்கள், தலையில் பாகை, மேலே கோட்டு, கீழே வேட்டி. தம்பியின் அப்பாயி இன்னும் அதைச் சொல்லுவார்: "காமன் பொட்டலுக்குக் கங்காணி கோட்டோட வந்தாருன்னா நாங்க எந்திரிச்சு நிப்போம்டா." மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும். குளிருக்குச் சரியான உடுப்பையே பெருமைக்கும் உடுத்தியவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

தம்பிக்குப் புத்தி இருந்தால் நுவரெலியாவில் பஸ் மாறும்போது பேல் பஜாருக்குள் ஒரு எட்டுப் போய்வரலாம். ஜாக்கெட், ஸ்வெட்டர், குல்லா என்று வரிசை வரிசையாகத் தொங்குகிறது. கொழும்பிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் வேனை விட்டு இறங்கியதும் பல் கிட்டித்துக்கொண்டு முதலில் ஓடுவது அங்கேதான். அசல் கொழும்பான் ராகலைக்காரனைப் போல உடுத்திக்கொள்ள, ராகலைக்காரன் கொழும்பானைப் போல உடுத்திக்கொண்டு அந்தக் கடைகளைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் கடந்து போகிறான்.

கடைசி நாள் கூத்தன்று பின்னேரம் நாலு மணிக்கே காம்பராவுக்குள் அலங்காரம் ஆரம்பம். டெனிம் ஒன்று, முட்டி இரண்டிலும் கிழிசல். கிழித்தே விற்கிறார்கள். வெள்ளைச் சப்பாத்து. கூலிங் கிளாஸ். அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, இடுப்புப் படங்கை அவிழ்த்தபடி இஸ்தோப்பில் நின்று பார்க்கிறார்.

"ஏண்டா, இதக் கிழிச்சது யாரு?"

"கம்பெனிதாம்மா."

"எம்புட்டு?"

விலையைத் தம்பி சொல்லமாட்டான். 2024இல் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக்கினார்கள். அந்த டெனிம் அம்மாவுக்கு எத்தனை நாள் சம்பளம் என்று அப்பாயி விரல்விட்டு எண்ணிவிடுவார்.

"சரி, அந்த ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டுப் போ. பனி மண்டைக்குள்ள எறங்கும்."

"ஸ்வெட்டரு போட்டா சேட்டு தெரியாதும்மா."

"சேட்டு தெரியாட்டி என்னாடா, நீ தெரிஞ்சாப் பத்தாதா?" என்று உள்ளேயிருந்து அப்பாயி. கொஞ்சம் கழித்து அவரே ஒரு சமாதானமும் சொல்கிறார்: "இல்லாட்டி ஸ்வெட்டருக்கு மேல சேட்டப் போடு." இது நல்ல யோசனை. அதனால்தான் தம்பி கேட்கவில்லை.

இந்தக் கூச்சலில் தங்கச்சியின் துயரம் யாருக்கும் கேட்பதில்லை. ரதி வேஷம் கட்டுவது ஆண்பிள்ளை. மீசையை மழித்துக்கொள்வார், சேலைக்கு எங்கே போவார்? லயத்தில் இருக்கிற நல்ல பட்டு அவருக்குப் போகும். இந்த வருசம் போனது தங்கச்சியின் சேலை. தனக்கு மிஞ்சிய பழைய சுடிதாரில் அவள் நிற்க, பொட்டலில் அவளுடைய பட்டு மன்மதனோடு மாலை மாற்றிக்கொள்ளப் போகிறது. "பாத்துக் கட்டுங்க மாமா, கரையில மை ஒட்டிறப் போவுது" என்று ரதியிடம் மூன்று தடவை சொல்லிவிட்டாள். ரதி பீடியை அணைத்துவிட்டு, "சரி புள்ள, சரி புள்ள" என்றது.

ஏழு மணிக்குத் தம்பி பொட்டலுக்குள் நுழைகிறான். நுழைவு நன்றாகத்தான் இருந்தது. நிலவு எழும்புகிறது, வெள்ளைச் சப்பாத்து மின்னுகிறது, ராத்திரியில் கூலிங் கிளாஸ் போட்டதால் ஒரு கல்லில் இடறியதைத் தவிரக் குறையொன்றுமில்லை. கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தான். அது உடனே கொழும்புக்கும் டுபாய்க்கும் போயிற்று. போன படத்துக்குக் குளிராது.

எட்டரைக்கு இரண்டு கையும் கக்கத்துக்குள் போயின. ஒன்பதரைக்குத் தப்புக்காரர்கள் மேல் அவனுக்குத் திடீரென்று ஒரு பாசம். தோல் தளர்ந்தால் சத்தம் எழும்பாது, அதனால் நடுநடுவே வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள். ஒவ்வொரு தடவை தீ எழும்பும்போதும் தம்பி அங்கே இருந்தான். "அண்ணே, தப்பு இன்னும் காயல போலயே" என்று அவனே வைக்கோல் எடுத்துக் கொடுத்தான். கலையில் இவ்வளவு ஈடுபாடுள்ள பிள்ளை கொழும்பில் கிடந்து கெட்டுப்போகிறானே என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார்.

பொட்டலில் குளிராதவர்கள் ஆட்டக்காரர்கள் மட்டும். தேவர்கள் கூடி, சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதனை அனுப்புகிறார்கள். ரதி கெட்ட கனவு கண்டு போகாதே என்று மறிக்கிறாள். அவன் கேட்காமல் கரும்பு வில்லோடு கிளம்புகிறான். இந்தப் போக்குவரத்து முழுவதும் ஆட்டம், சுற்றிச்சுற்றி ஆட்டம். தலையில் கிரீடம், தோளில் கண்ணாடி பதித்த கட்டை, மார்பில் பதக்கம், அதற்கு மேல் சரிகை. மன்மதனுக்கு வியர்வை கொட்டியது. தம்பி அதைப் பொறாமையோடு பார்த்தான். அசையாமல் உட்கார வேண்டியவர் சிவன் ஒருவர்தான். அந்த வேஷக்காரர் அனுபவசாலி. புலித்தோல் அச்சடித்த துணிக்குக் கீழே மண்ணிறத்தில் ஒரு ஸ்வெட்டர். கழுத்தில் பாம்புக்குத் துணையாக மப்ளர். முக்கண்ணனே மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது சேட்டோடு நிற்கிற பிள்ளையை என்ன சொல்வது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தச் சேட்டு ஊருக்காக வாங்கியதல்ல, மேல் லயத்துப் பிள்ளை ஒருத்திக்காக வாங்கியது. அவள் வந்திருந்தாள். ஆனால் பொம்பளைகள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தால் வரிசையாகப் போர்வை மூட்டைகள். குல்லாவுக்கும் சால்வைக்கும் நடுவே இரண்டு கண், அவ்வளவுதான். அவளும் புதுச் சுடிதார் தைத்துப் போட்டுக்கொண்டுதான் வந்தாளாம். அதை அவளுடைய அம்மாவின் கம்பளி மட்டும் பார்த்தது. மூட்டைகளுக்குள் எது அவள் என்று தெரியாமல், பொதுவாக எல்லா மூட்டைக்கும் சேர்த்துத் தம்பி ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டு நின்றான். ஒரு மூட்டை மட்டும் பதிலுக்குத் தலையாட்டியது. அது அவனுடைய சின்னம்மா.

பன்னிரண்டரைக்கு அவன் காணாமல் போனான்.

வெகு தூரம் போகவில்லை. அப்பாயி கொழுந்தெடுக்கப் போன காலத்துக் கறுப்புக் கம்பளி ஒன்று இருக்கிறது. மழைக்கும் பனிக்கும் தலையோடு போர்த்துவது, முள்ளாய்க் குத்தும், சாணிப் புகையும் வெற்றிலையும் கலந்து மணக்கும். அதற்குள் அப்பாயி, தங்கச்சி, தம்பி மூன்று பேரும். கொழும்பில் வாங்கிய சென்ட் கம்பளிக்குள் ஏறியதும் அப்பாயி நாலு தும்மல் போட்டார்.

அப்போதுதான் கோமாளி வந்தான். காமன் கூத்தில் கோமாளிக்குக் கதை கிடையாது, சனங்களைக் கேலி பண்ணுவதுதான் வேலை. ஒரு வருசம் துரை, ஒரு வருசம் வோட்டுக் கேட்டு வருகிறவர், ஒரு வருசம் வட்டிக்காரர். இந்த வருசம் முட்டி கிழிந்த டெனிம், வெள்ளைச் சப்பாத்து, கூலிங் கிளாஸ், காதில் சவர்க்காரக் கட்டியை ஃபோனாகப் பிடித்துக்கொண்டு, "ஹலோ முதலாளி, இங்க ஏசி கூடிப்போச்சு, கொஞ்சம் கொறைங்க" என்று பல் அடித்துக்கொண்டு வந்தது. பொட்டல் விழுந்து விழுந்து சிரித்தது. அப்புறம் சனங்கள் தலையைத் திருப்பித் திருப்பித் தேட ஆரம்பித்தார்கள்.

"இங்கன ஒரு கொழும்புத் தொரை நின்னாரே, எங்க?" என்றான் கோமாளி, நேரே கம்பளிக்கு முன்னால் வந்து.

"இங்க நானும் எம் பேத்தியுந்தான் இருக்கோம். அங்கிட்டுப் போய்ப் பாரு" என்றார் அப்பாயி. கம்பளிக்குக் கீழே ஆறு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இரண்டில் வெள்ளைச் சப்பாத்து.

விடியப் போகும் நேரம் நெற்றிக்கண் திறந்து காமன் எரிந்தான். ராத்திரி முழுக்க எரிந்ததில் அதுதான் பெரிய தீ. ஊரே நெருங்கி நின்றது. ரதி தங்கச்சியின் பட்டு முந்தானையை மண்ணில் போட்டுப் புரண்டு ஒப்பாரி வைக்க, தங்கச்சி அதைப் பார்த்து நிஜமாகவே அழுதாள். எல்லாரும் அவள் இளகின மனசைப் பாராட்டினார்கள். தம்பி கம்பளியிலிருந்து வெளியே வந்து, தீக்கு முன்னால் சேட்டை நீவிவிட்டு இன்னொரு படம் எடுத்தான். கண் சிவந்து, முடி கலைந்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தான். முதல் படத்துக்கும் இதற்கும் நடுவில் பத்து மணி நேரமும் ஒரு கம்பளியும் இருந்தது படத்தில் விழவில்லை.

பத்து மணிக்குப் புறப்பாடு. வீட்டில் அம்மா சூடாக ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டிருக்க, கோமாளி வேஷம் போட்ட சித்தப்பா இஸ்தோப்புக்கு வந்தார். காதோரத்தில் அரிதாரம் இன்னும் போகவில்லை. ஒரு பிளேன்டி குடித்தார். தம்பியை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, போறப்ப அந்த டெனிம விட்டுட்டுப் போ. எனக்கு முட்டியில இந்த மாதிரி கிழிக்க வரல."