தலைகீழாய் நின்ற விண்கலம்

கேள்வி: போரில் பறந்து, புது விமானங்களைச் சோதித்துப் பழகியவருக்கு விண்கலம் ஓட்டுவது தண்ணீர் பட்ட பாடுதானே?

பதில்: அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். சோவியத் விமானி கியோர்கி பெரகவோய், இரண்டாம் உலகப் போரில் இல்-2 தாக்குதல் விமானம் ஓட்டியவர். 1944இல் சோவியத் யூனியனின் வீரர் பட்டம் பெற்றார். அப்புறம் பல ஆண்டுகள் சோதனை விமானி. முதல் விண்வெளி வீரர் ககாரின் 27 வயதில் போய் வந்த விண்வெளிக்கு இவர் கிளம்பியபோது வயது 47!

1968 அக்டோபர் 26. சோயுஸ் 3இல் தனி ஆளாகப் புறப்பட்டார். ஆளில்லாத சோயுஸ் 2உடன் தன் கலத்தை இணைக்க வேண்டும். சுமார் 200 மீட்டர் வரை தானியங்கிக் கருவியே கொண்டு சேர்த்தது. பிறகு அவர் கைக்கு வந்தது. பூமியின் இருட்டுப் பக்கம்; எதிர்க்கலத்தின் விளக்குகளே அடையாளம். எடையற்ற நிலையில் மேல் எது, கீழ் எது என்று உடம்பு சொல்லாது. எதிர்க்கலத்தோடு ஒப்பிட்டால் அவருடைய கலம் தலைகீழாக நின்றது. திரும்பத் திரும்ப முயன்றதில் எரிபொருள்தான் கரைந்தது, இணைப்பு நடக்கவில்லை.

நான்கு நாளில் பனி மூடிய கசக்ஸ்தான் மண்ணில் பத்திரமாக இறங்கினார். இரண்டாவது வீரர் பட்டமும் வந்தது. போருக்கு ஒன்று, விண்வெளிக்கு ஒன்று என்று பெற்றவர் இவர் ஒருவரே.

1972 முதல் 1987 வரை விண்வெளி வீரர் பயிற்சி மையத்தின் தலைவர். அந்த நாட்களில் அங்கே பயின்றவர்களில் ஒருவர், நம் விமானப் படையின் சோதனை விமானி ராகேஷ் சர்மா.