பிளாப்பியில் மாட்டிய தமிழ்

கேள்வி: 2000-இல் முரசு அஞ்சலில் தட்டெழுதிய எங்கள் சங்க மலர் பிளாப்பியில் இருக்கிறது. மடிக்கணினிக்கு மாற்றினால் ஒரே கிறுக்கல். பிளாப்பி கெட்டுவிட்டதா?
- வாசகர், கிள்ளான்

பதில்: கெட்டிருந்தால் கிறுக்கல்கூட வந்திருக்காது. மூன்றரை அங்குலத் தட்டுக்கு ஒரு யுஎஸ்பி டிரைவ் போதும். ஐந்தேகால் என்றால்தான் தலைவலி. உங்கள் கோப்பு பத்திரமாக வந்துவிட்டது, வழக்கு குறியாக்கத்தில்தான், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாட்டில். முத்து நெடுமாறன் 1985-இல் முரசைத் தொடங்கியபோது யுனிகோட் இல்லை. அதன் முதல் பதிப்பே 1991-இல்தான். மென்பொருளுக்கொரு குறியாக்கம் என்றிருந்த காலம் அது. பிறகு பொதுவாக வந்த திஸ்கி என்ற குறியாக்கத்தில் 'கொ' என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு, கண்ணில் படும் வரிசையில். யுனிகோடிலோ ககரம் முன்னே, ஒகரக்குறி பின்னே. பழைய எழுத்துருவை நிறுவினால் போதாதா என்பீர்கள். படிக்கலாம், ஆனால் தேட முடியாது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மறுபடி கிறுக்கல். அச்சு மலரை பிரிக்பீல்ட்ஸ் கடையில் ஸ்கேன் செய்தால்? எழுத்துணரிக்கு ரகரமும் துணைக்காலும் இரட்டைப்பிள்ளைகள்; மலர் முழுக்கப் பிழை திருத்த வேண்டிவரும். எனவே எந்தக் குறியாக்கம் என்று பார்த்து, அதற்குரிய மாற்றியில் போட்டு, அச்சுப்படியோடு ஒப்பிடுங்கள். எல்லாம் நகலில்தான். மூலக்கோப்பைத் திறந்து மூடும்போது கணினி 'சேமிக்கவா?' என்று பணிவாகக் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.