ஜெயித்த தட்டு எது?

கே: புளூ-ரே, ஹெச்.டி. டிவிடி என்று இரண்டு தட்டுகள் முட்டிக்கொண்டனவே, கடைசியில் ஜெயித்தது எது?
– ஒரு வாசகர், காட்டூர் (பழவேற்காடு)

ப: கணக்குப்படி புளூ-ரே. ஓர் அடுக்கில் 25 ஜிபி, எதிராளிக்கு 15தான். ஆனால் சண்டையை முடித்தது கொள்ளளவு மட்டுமல்ல. சோனி தன் பிளேஸ்டேஷன் 3 ஒவ்வொன்றிலும் புளூ-ரேயைச் செருகி, விளையாட்டுப் பிள்ளைகளைப் பிடித்தே வீட்டுக் கூடத்துக்குள் நுழைந்துவிட்டது. இரண்டு படகிலும் கால் வைத்திருந்த வார்னர் பிரதர்ஸ், ஹெச்.டி. டிவிடி படகிலிருந்து காலை எடுப்பதாக 2008 ஜனவரி 4-ல் அறிவித்தது. பிப்ரவரி 19-ல் ஹெச்.டி. டிவிடிக்காரர் தோஷிபா கடையைக் கட்டியது. உங்கள் பழவேற்காடு ஏரியில் யார், எங்கே, என்றைக்கு வலை போடுவது என்று பாடு முறையில் பிரித்துக்கொள்கிறீர்களே, அந்தப் பஞ்சாயத்துக்காரர்களை டோக்கியோவுக்கு அனுப்பியிருக்கலாம்!

நம்மூர்க் கதை வேறு. அதே சமயத்தில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்று, திருட்டு விசிடிக்காரர்களுக்கே வியர்க்க வைத்தது. அந்த விலைக்குப் படம் கிடைக்கும்போது புளூ-ரேயை யார் சீந்துவார்? திவாலான மோசர் பேரையும் கலைக்கச் சொல்லி 2018-ல் உத்தரவானது. புளூ-ரே மட்டும் ஜெயித்தபடியே இருக்கிறது. என்ன, இப்போது வரும் பெரும்பாலான லேப்டாப்களில் அதை நுழைக்க ஓட்டைதான் இல்லை.