பனியே விழாத ஊரில் பனியைக் காட்டி சோலாரைத் தோற்கடிப்பது எப்படி?

உங்கள் தாமானில் பக்கத்து வீட்டுக்காரர் கூரையில் சோலார் தகடு மாட்டிவிட்டார். மாதா மாதம் கரண்டு பில்லைக் கையில் வைத்துக்கொண்டு வேலியோரம் வந்து நிற்கிறார். எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, அவரே சொல்கிறார். வரும் தீபாவளி விருந்தில், நாலு பேர் முன்னால், அவர் வாயை அடைத்தாக வேண்டும். அதற்கு வாகான வாதம் ஒன்று இருக்கிறது: சூரியனையும் காற்றையும் நம்பினால் கடுங்குளிரில் கைவிட்டுவிடும். ஜொகூரில் குளிரே கிடையாதே என்று தயங்காதீர்கள். காரும் போனும் இறக்குமதி செய்கிறோம், குளிரை இறக்குமதி செய்யக்கூடாதா?

ஆகவே முதல் வேலை, பேச்சை ஜொகூரைத் தாண்டி நகர்த்துவது. ஜொகூர் பாரு பூமத்திய ரேகைக்கு ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. டிசம்பரிலும் பகல் பன்னிரண்டு மணி நேரம். இந்த மண்ணில் நின்றுகொண்டு குளிர்காலம் பேசினால் பாலர் பள்ளிப் பிள்ளைகூடச் சிரிக்கும். பனிப்புயலில் கரண்டு போன 2021 பிப்ரவரி டெக்சஸுக்கு நேராகப் போய்விடுங்கள்.

அங்கே போனதும் வாட்சப்பில் அந்தப் படத்தை எடுத்துக் காட்டுங்கள்: உறைந்துபோன காற்றாலை, அதன்மேல் சுடுநீர் தெளிக்கும் ஹெலிகாப்டர். அந்தப் புயல் நாட்களில் உலகையே சுற்றிய படம். அது டெக்சஸ் அல்ல, சில ஆண்டுகளுக்கு முன் சுவீடனில் எடுத்தது என்று கூட்டத்தில் யாராவது முணுமுணுத்தால், பனி எந்த ஊரிலும் வெள்ளைதானே என்று கேட்டுவிட்டு முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்துங்கள்.

இதற்கு மேல் டெக்சஸில் ஆழமாக இறங்காதீர்கள். இறங்கினால் வழுக்கும். காற்றாலைகள் உறைந்தது பொய்யில்லை. இறகைச் சூடாக்கும் வசதி சுவீடனிலும் பின்லாந்திலும் கனடாவிலும் உண்டு. டெக்சஸ் முதலாளிகள் செலவை மிச்சம் பிடித்திருந்தார்கள். ஆனால் அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்ட அறிக்கையை உங்கள் எதிராளி படித்திருந்தால் தீபாவளி அவருக்குத்தான். டெக்சஸிலும் அதை ஒட்டிய மாநிலங்களிலும் முடங்கிய மின் உற்பத்தி அலகுகளில் 58 விழுக்காடு எரிவாயுவில் ஓடியவை. காற்று 27, சூரியன் வெறும் 2.

எரிவாயு ஏன் படுத்தது என்பது இன்னும் மோசமான கதை; மறந்தும் வாய் திறக்காதீர்கள். கிணற்று வாயிலும் குழாயிலும் ஈரம் உறைந்தது, வாயு வரத்து குறைந்தது, மின் நிலையங்கள் நின்றன. மின்சாரம் போதவில்லை என்று பகுதி பகுதியாகக் கரண்டை வெட்டினார்கள். வெட்டிய பகுதிகளில் வாயுவை அழுத்தித் தள்ளும் நிலையங்களும் இருந்தன. அதனால் வாயு மேலும் குறைந்தது. தெற்கு டெக்சஸ் அணுமின் நிலையத்தின் ஓர் உலைகூட, அழுத்தத்தை அளக்கும் ஒரு சின்னக் குழாய் உறைந்ததால் நின்றது. மாநிலத்தின் மின்வலை அடியோடு சரிவதற்கு 4 நிமிடம் 37 விநாடிதான் பாக்கி இருந்தது. 2011 பிப்ரவரியிலும் இப்படியே ஒரு குளிர் வந்தது. கருவிகளுக்குக் குளிர்காப்பு செய்யுங்கள் என்று அப்போதே எழுதிக் கொடுத்தார்கள். செய்யவில்லை. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குளிரில் விறைத்து. இதை மட்டும் விருந்தில் நகைச்சுவையாகச் சொல்ல வேண்டாம்.

குளிர் சோலாரைக் கெடுக்கும் என்றும் சொல்லிப் பார்க்கலாம், கூட்டத்தில் வயரிங் வேலை தெரிந்தவர் இல்லையென்றால். தகட்டின் மேல் பனி மூடினால் உற்பத்தி கிடையாது, அது சரி. மூடாத பட்சத்தில் குளிர் தகட்டுக்கு நல்லது. தகட்டின் திறனை 25 டிகிரியில் அளந்து எழுதுகிறார்கள். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு விழுக்காட்டில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இழப்பு. உச்சி வெயிலில் நம் ஓட்டுக் கூரையில் தகடு 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆவியாகப் போகிறது. சோலாருக்கு ஜொகூர் வெயில்தான் தாய், அதுவே மாமியாரும். இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சோலார் விற்றவரும் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் ஏன் சொல்ல வேண்டும்?

காற்றாலையைத் திட்டுவதில் தடையே இல்லை. சொல்லிக்கொள்ளும்படியான காற்றாலை ஜொகூரில் ஒன்றும் கிடையாது. வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் மெர்சிங் பக்கம் கொஞ்சம் வேகம் இருக்கும், மற்ற நாளில் தென்னங்கீற்று அசைந்தால் பெரிது. பதில் சொல்ல ஆளில்லாத எதிரியைத் தாராளமாகத் திட்டலாம். காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழியிலிருந்து சொந்தக்காரர் யாராவது வந்திருந்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள்.

இப்போது ஊருக்குத் திரும்பலாம். நமக்கும் ஒரு குளிர்காலம் உண்டு: நவம்பர் முதல் மார்ச் வரை தெங்குஜூ மழைக்காலம். ஜனவரியில் இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டும். 22 டிகிரிக்கே அலமாரியில் பாச்சா உருண்டை வாசத்தோடு கிடக்கும் சுவெட்டர் வெளியே வரும், பொங்கல் பானை ஐந்தடித் தாழ்வாரத்துக்குள்ளே வரும். அந்த நாட்களில் தகடு தன் திறனில் ஒரு சிறு பங்கைத்தான் தரும். இது உண்மை. டெக்சஸைவிட ஆயிரம் மடங்கு நல்ல வாதம். நம் ஆட்கள் ஏன் இதை விட்டுவிட்டு அமெரிக்காவுக்கு ஓடுகிறார்கள் என்று புரியவில்லை. ஆனால் அதே மழை நாளில் ஏர்கோனை யாரும் தட்டுவதில்லை, மின் தேவையும் இறங்கும், தீபகற்பம் உச்சத் தேவையைக் காண்பது கொளுத்தும் வெயிலில் என்பதையெல்லாம் விரித்துச் சொல்லாதீர்கள்.

வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ள ஆசை வரும். அடக்குங்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி மூழ்கியபோதும், 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பகாட் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றபோதும், கரண்டு போன வீடுகளுக்கு நிலக்கரியும் எரிவாயுவும் கை கொடுக்கவில்லை. துணை மின் நிலையத்துக்குள் தண்ணீர் ஏறினால் ஆளைக் காப்பாற்ற இணைப்பைத் துண்டித்துத்தான் ஆக வேண்டும். அதேபோல கூரைகளில் சோலார் பரவுவதற்கு முந்தைய எந்த மின்தடையையும் எடுக்காதீர்கள். 1996 ஆகஸ்ட் 3 அன்று தீபகற்பம் முழுவதும் இருண்டது. திரெங்கானுவில் பாக்கா பக்கம் ஒரு மின்தடம் செயலிழந்ததில் தொடங்கிய வினை. பழியைப் போட அப்போது கூரைகளில் சோலார் இல்லை.

இனி உங்கள் கையில் இருக்கும் ஒரே கூர்மையான ஆயுதம். முறுக்கு தீர்ந்து கேசரி வரும் நேரமாகப் பார்த்து, அப்பாவி போல முகத்தை வைத்துக்கொண்டு கேளுங்கள்:

“அண்ணே, கரண்டு போச்சுன்னா உங்க வீட்டுல விளக்கு எரியுமா?”

“எரியும்லா! அதுக்குத்தானே இவ்ளோ காசு போட்டேன்.”

எரியாது. பேட்டரி இல்லாமல் மின்வலையோடு கோத்த சோலார், வலையில் மின்சாரம் நின்ற மறுகணமே தானும் நின்றுவிடும். இன்வெர்ட்டரை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். செத்த கம்பி என்று நினைத்துப் பழுது பார்க்க ஏறும் தொழிலாளியை கூரையிலிருந்து வரும் மின்சாரம் கொன்றுவிடக் கூடாது. 2022 ஜூலை 27 நண்பகலில் யோங் பெங்கின் பெரிய துணை மின் நிலையத்தில் கருவி ஒன்று கெட்டு, தீபகற்பத்தின் பல இடங்களில் கரண்டு போனதே, அப்போது பேட்டரி இல்லாத சோலார் வீடுகளும் சேர்ந்துதான் புழுங்கின. மேலே தகடு நிறைய வெளிச்சம், கீழே மின்விசிறி நிற்கிறது. முன்பு ரப்பர் தோட்டங்களில் இரவில் ஜெனரேட்டரை நிறுத்தினால் லயமே இருட்டாகும். பட்டப்பகலில் கூரையில் சொந்த மின் நிலையத்தை வைத்துக்கொண்டு புழுங்கும் பாக்கியம் அந்தக் காலத்துக்குக் கிடைக்கவில்லை.

பேட்டரி ஏன் வாங்கவில்லை என்று அவரைக் குடைய வேண்டாம். 2019 முதல் 2025 நடுப்பகுதி வரை சேர்ந்தவர்களுக்கு, பகலில் வலைக்குக் கொடுத்த யூனிட்டுக்கு ஈடாக இரவில் ஒரு யூனிட் என்று ஒன்றுக்கு ஒன்று கழித்தார்கள். வலையே பேட்டரியாக இருந்தபோது யார் கைக்காசு போடுவார்கள்?

அவர் சுதாரித்துக்கொண்டு “நிலக்கரியை மட்டும் நம்பலாமா?” என்று திருப்பினால் பொந்தியான் பக்கம் தஞ்சோங் பின் நிலக்கரி மின் நிலையத்தைக் காட்டுங்கள். 2,100 மெகாவாட், அதையடுத்து 1,000 மெகாவாட் அலகு ஒன்று. மழையோ வெயிலோ, அது பாட்டுக்குப் புகை விடும். 2022 ஜனவரி மட்டும் அவர் நினைவுக்கு வரக் கூடாது. மலேசியா எரிக்கும் நிலக்கரியில் பெரும்பங்கு இந்தோனேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது. அந்த மாதம் தன் மின் நிலையங்களுக்கே போதவில்லை என்று இந்தோனேசியா நிலக்கரி ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. பனி விழவில்லை, புயல் அடிக்கவில்லை. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்.

கூலாய் தரவு மையங்களைத் தொட வேண்டுமா என்பது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது. ஒய்டிஎல் நிறுவனம் அங்கே தன் வளாகத்துக்குள்ளேயே 500 மெகாவாட் வரை சோலார் என்று அறிவித்திருக்கிறது. கேட்கப் பெரிதுதான். நம் வானத்தில் சோலாரின் ஆண்டுச் சராசரி, பலகையில் எழுதியதில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கே வரும். கணினிகளோ ராத்திரி இரண்டு மணிக்கும் தின்றுகொண்டிருக்கும். மீதியை யார் கொடுப்பது, எதை எரித்துக் கொடுப்பது என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பதில் இருக்காது. அதிகாரிகளிடம் கேட்க வேண்டிய கேள்வி அது, ஆனால் அவர்களை விருந்துக்கு நீங்கள் அழைக்கவில்லை.

வெற்றி பெற்று வீடு திரும்பியபின் உங்களுக்கே சோலார் ஆசை வரலாம், பலருக்கு வருகிறது. அப்படியானால் காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு விலை கேளுங்கள், சத்தம் வேலி தாண்டக் கூடாது. கேட்க வேண்டியவை: வலை நின்றாலும் தனியே ஓடும் இன்வெர்ட்டரா? கரண்டு போனால் எந்தெந்த அறைகளுக்கு மின்சாரம் வரும்? ஃபிரிட்ஜும் இரண்டு விசிறியும் எத்தனை மணி நேரம் தாங்கும்? மூன்று நாள் அடைமழையில் பேட்டரியை வலையிலிருந்து நிரப்பிக்கொள்ள முடியுமா? போன வெள்ளத்தின் கறை சுவரில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து சொல்லி, பேட்டரியை அதற்கு மேலே மாட்டித் தருவார்களா?